பிழை மரபணுவில் இல்லை

ஆங் மோ கியோ, சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள யதீசன் அண்ணாவுக்கு,

பெர்த்தில் நீங்களும் அண்ணியும் தர்ஷனாவும் நலமாக இருக்க வேண்டும். அழைத்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். முழுதும் படியுங்கள்.

வசீகரனுக்கு என்ன நோய் என்று தெரிந்துவிட்டது. ஆறு வருட வயிற்றுப்போக்கு, நான்கு முறை மருத்துவமனை. மரபணுக்களை இரண்டு தடவை ஆராய்ந்தும் பிழை இல்லை என்றார்கள். "நீதான் பயந்து பயந்து புள்ளைய நோயாளியாக்கிட்ட" என்று நீங்கள் சொன்னதும், நான் உங்களை வார்டை விட்டுப் போகச் சொன்னதும் அப்போதுதான்.

ஆய்வுக்கூடத்தில் சங்கீதா என்றொரு பெண், அவனுடைய நோயெதிர்ப்பு உயிரணுக்களைத் தனியே பிரித்துப் பார்த்தாள். அவை நம் உடம்பையே தாக்காமல் அடக்கிவைக்க ஒரு புரதம் உண்டாம். இவனுக்கு அது பாதிதான் உண்டாகிறது. "ஜீன் நல்லாத்தான் இருக்கு அக்கா. எவ்ளோ வேலை செய்யணும்னு அதுக்குச் சொல்ற இடம் தள்ளி இருக்கு லா. அங்கதான் ஒரு எழுத்து மாறியிருக்கு" என்றாள். எதிர்ப்பு உயிரணுக்களில்தான் அந்த இடம் விழித்திருக்குமாம். அங்கே யாரும் தேடவில்லை.

ஏப்ரலிலிருந்து வாரம் ஓர் ஊசி. மூன்று கிலோ ஏறியிருக்கிறான். நேற்று ஃபேரர் பார்க்கில் ஒரு கடையில் முழுத் தோசையையும் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டான். நான் கை கழுவப் போவதுபோல் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அந்த மாற்றம் என்னிடமிருந்துதான் அவனுக்குப் போயிருக்கிறது. என்னை அது ஒன்றும் செய்யவில்லை. சிலருக்கு நோயாகிறது, சிலருக்கு இல்லை. ஏனென்று அவர்களுக்கும் தெரியவில்லை. அப்பாவும் சோதனைக்கு ரத்தம் கொடுத்தார். அவருக்கும் இருக்கிறது. அப்படியானால் உங்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

தர்ஷனாவுக்கு மூன்று மாதமாக வயிறு சரியில்லை, பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் சொல்வதாக அண்ணி அப்பாவிடம் சொன்னாராம். அதுவாகவே இருக்கட்டும். ஆனாலும் வசீகரனின் அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வழக்கமான சோதனையில் இது தெரியாது. இதைக் காட்டிக் கேளுங்கள்.

என்னோடு பேசுவது பிறகு இருக்கட்டும், அண்ணா. முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

ரத்தம் எடுக்கும்போது தர்ஷனாவை உங்கள் மடியிலேயே உட்காரவையுங்கள். ஊசியைப் பார்க்க வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அவள் ஒரு குறையும் இல்லாமல் வளர வேண்டும்.

உங்கள் தங்கை,
பிரசாந்தி