தண்ணீர் படக் கூடாத கப்பல்

காலையிலிருந்து ஆளிவிதை எண்ணெய் டப்பாவை மூன்று தடவை திறந்து மூடிவிட்டேன். அந்த வாடை வந்தாலே உன் வீட்டு மாடி அறை ஞாபகம் வந்துவிடுகிறது. எழுந்து வாசல்வரை போகிறேன், திரும்பி வருகிறேன், ஒரு வேலையும் ஓடவில்லை. மேசைமேல் நீ செய்த சின்ன மரக்கப்பல் இருக்கிறது. உடம்புக்குக் கறுப்பு அடித்துவிட்டாய். மேல்தளம் மட்டும் ஒன்றும் பூசாத தேக்காகக் கிடக்கிறது.

நேற்று உன் மனைவி அதைத் துண்டில் சுற்றி, நாமக்கல்லிலிருந்து பள்ளிபாளையம்வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். “நீங்கதானுங்க அண்ணா முடிச்சுக் குடுக்கோணும்” என்றார். நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

கடலையே இரண்டு தடவைதான் பார்த்த நாம் கப்பல் கட்ட உட்கார்ந்ததை ஊரே கேலி செய்தது. லாரி பாடி கட்டும் பட்டறையில் மிஞ்சிய தேக்குத் துண்டுகளைத் தீக்குச்சி கனத்துக்கு நீ சீவுவாய். பலகைக்கும் பலகைக்கும் நடுவே கறுப்பு நூல் வைத்து ஒட்டுவாய். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் வேலை. முப்பது வருஷம் சாயப்பட்டறையில் நின்றவன் என்பதால் நிறமும் என் பொறுப்பு.

“தண்ணி மட்டும் படக்கூடாதப்பா. மெல்லிசுப் பலகை, எந்திரிச்சுக்கும். ஸ்பிரிட்டுல கரைச்சுப் பூசு” என்று சொல்லிவிட்டுத்தான், மேல்தளத்துக்குச் சாயம் பூசிய அன்று, டீ குடிக்கப் போனாய். எனக்குச் சுருக்கென்றது. சாயத்தைப் பற்றி எனக்கே பாடமா? நூலுக்குக் காய்ச்சுகிற மாதிரியே வெந்நீரில் பொடியைக் கரைத்து, சுடச்சுடப் பூசினேன். நிறம் அருமையாகத்தான் பிடித்தது. மறுநாள் காலையில் பார்த்தால் பலகையெல்லாம் முனை தூக்கி நின்றன. உன்னுடைய மூன்று மாத வேலை.

“ஸ்பிரிட்டுலதான கரைச்சே?” என்று கேட்டாய்.

“ஆமா” என்றேன்.

“அப்பப் பசைதான் சரியில்லையாட்ட இருக்குது” என்றாய். பசை விற்ற கடைக்காரனையும் நாலு வார்த்தை திட்டினாய். பிறகு ஒவ்வொரு பலகையாகப் பெயர்த்து எறிந்துவிட்டு, புதிதாகச் சீவி ஒட்ட ஆரம்பித்தாய். அந்த இரண்டாவது தளம்தான் இப்போது என் முன்னால் இருக்கிறது. ஒட்டி முடிப்பதற்குள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்! சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விழுங்கிவிடுவேன். அடுத்த வாரம் உனக்கு நெஞ்சுவலி வந்தது.

எண்ணெய் முதலில் பட்டுவிட்டால் அப்புறம் சாயம் ஏறாது. அதனால் இன்று மதியம் உன் மனைவிக்குப் போன் போட்டேன். “என்ன நெறம் பூசோணும்னு ஏதாச்சும் சொன்னானா, தங்கச்சி?”

“நெறமே வேண்டாமுன்னுட்டாருங்க அண்ணா. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே சொன்னாரு. ‘வெறும் எண்ணெ போதும்னு சொல்லு. சாயம்னு மட்டும் சொல்லிப்போடாதே, அவன் மறுக்காவும் தண்ணியக் கொதிக்க வெச்சுப்போடுவான்’னாரு. சொல்லிப்போட்டு ஒரே சிரிப்புங்க.”

போனை வைத்தேன். தெரிந்தே இருந்திருக்கிறாய். தெரிந்தேதான் பசைமேல் பழியைப் போட்டு, மறுபடியும் முதலிலிருந்து குனிந்து ஒட்டியிருக்கிறாய். பாவி, ஒரு தடவை என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாமே! எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிட உன்மேல் கோபமாக இருக்கிறது.

பழைய பனியன் துணியில் எண்ணெய் தொட்டு மெலிசாகப் பூசினேன். பத்து நிமிஷம் விட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுத்தேன். மரத்தின் வரிகள் தேன் நிறத்தில் தெளிந்து வந்தன. ஒரு பலகையும் அசையவில்லை, நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறாய். ஆனாலும் என்னால் உட்கார முடியவில்லை. நீ மன்னித்துவிட்டாய், சரி. நான் இன்னும் சொல்லவே இல்லையே. இனி யாரிடம் போய்ச் சொல்வது? தண்ணீரில்தான் கரைத்தேனப்பா.