ஐந்து மணிக்குப் போட்ட மோட்டார்

இன்று காலை குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை, காற்றுதான் சீறியது. மருமகள் யாரையோ திட்டினாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சேர், உங்கள் நினைவு வந்தது. நீங்கள் வவுனியாவில் காலமாகி இரண்டு மாதம். செத்த வீட்டுக்கு நான் வரவில்லை. கேட்டவர்களிடம் பஸ் இல்லை என்று சொன்னேன். பஸ் இருந்தது.

கலேவெல ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் பம்ப் அறைக்கு நீங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வந்தபோது நான் அங்கே ஒன்பது வருடமாக நாட்கூலி. உங்களுக்கு இருபத்தாறு வயது, கையில் டிப்ளோமா. நான் ஸ்குரூடிரைவரின் ஒரு நுனியை மோட்டாரில் ஊன்றி மறுநுனியில் காதை வைத்தால் எந்த பெயாரிங் போகப்போகிறது என்று சொல்வேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் உங்கள் சம்பளம் என்னுடையதைப் போல மூன்று மடங்கு. நாலேகால் ஆனால் நீங்கள் சைக்கிளில் ஏறிவிடுவீர்கள்.

ஊருக்கு ஆறு மணிக்குத் தண்ணீர் போக ஐந்துக்கே மோட்டாரைப் போட வேண்டும். நாட்கூலிக்காரனுக்கு நாள் எட்டு மணிக்குத்தான் தொடங்கும். இடையிலுள்ள மூன்று மணி நேரத்தை யாரும் வேலையாக மதித்ததில்லை. ஊரடங்கு நாட்களில் பாஸைக் காட்டிக் காவலரணைத் தாண்டி நான் நடந்தேன். நீங்கள் சம்பளத்தோடு வீட்டில் இருந்தீர்கள். காவலரணில் வாயைத் திறந்தால் உங்கள் வடக்குப் பேச்சே உங்களைக் காட்டிக்கொடுக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

மோட்டார் ஓடும் நேரத்தைக் குறிக்கும் பதிவேட்டில், நேரத்தின் பக்கத்தில் என் பெயரையும் எழுதத் தொடங்கினீர்கள்.

"என் பேரு எதுக்குங்க சேர்?"

"கிடக்கட்டும் அண்ணை. ஒரு நாளைக்கு உதவும்."

என்றைக்காவது நான் பிந்தினால் பிடித்துக்கொடுக்கத்தான் என்று எடுத்துக்கொண்டேன். நாலு வருடம் அதை மனதில் வைத்திருந்தேன். பிறகு ஒரு திங்கட்கிழமை, எட்டு மணிக்குப் போய் மோட்டாரைப் போட்டேன்.

ஊரே காய்ந்தது. ஆஸ்பத்திரியிலும் தண்ணீர் இல்லை. மாத்தளையிலிருந்து இன்ஜினியர் ஜீப்பில் வந்து யார் பொறுப்பு என்று சிங்களத்தில் கேட்டார். நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். "ஐந்துக்குப் போடச் சொல்லி நான்தான் உத்தரவு கொடுக்கவில்லை, பிழை என்னுடையது" என்றீர்கள். அந்த வருடம் உங்கள் சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது?

ஜீப் போனபின் கேட்டீர்கள்: "ஏன் அண்ணை, சுகமில்லையோ?"

"நாட்கூலிக்கு எட்டு மணிதானுங்களே, சேர்."

"அது சரிதான்" என்றீர்கள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் நாட்கூலிக்காரர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் வந்தது. சான்றிதழ் இல்லாதவர்கள் தாங்கள் செய்த வேலையை எழுத்தில் காட்ட வேண்டும். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. உங்கள் சைக்கிள்தான் நாலேகாலுக்குப் பிறகும் நாள்கணக்காகப் பம்ப் அறை வாசலில் நின்றது. பதிவேடு முழுவதையும் கையால் பிரதி பண்ணிக் கையெழுத்து வைத்தீர்கள். பக்கம் பக்கமாக ஐந்து மணி, என் பெயர். அந்தத் திங்கட்கிழமைக்கு மட்டும் எட்டு மணி. அதையும் நீங்கள் மாற்றவில்லை.

நேர்முகத்தில் அந்த வரியில் விரலை வைத்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். யாருக்கும் வளையாத நான், "சுகமில்லைங்க" என்றேன்.

டெக்னீஷியன் வேலை கிடைத்தது, மாதச் சம்பளம், இன்றைக்குப் பென்சன். உங்களுக்கு நான் நன்றி சொல்லவில்லை. இப்போதும் சொல்ல வரவில்லை. உங்கள் டிப்ளோமாவுக்கும் நாலேகால் மணிக்கும் பட்ட பொறாமை எப்போதோ ஆறிவிட்டது. சம்பளமில்லாத அந்த மாலைகளில் ஒரு பொறாமைக்காரனுக்காகக் குனிந்து எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்த மனத்தின்மேல் உள்ள பொறாமை மட்டும் ஆறவில்லை.

இன்றும் ஐந்துக்கு முன்னரே எழும்பிவிடுகிறேன். போடுவதற்கு மோட்டார் இல்லை. பெயரை எழுத நீங்களும் இல்லை.