ஜித்தா மெஷின்

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து சாரல். துவைத்த துணி எல்லாம் ஈரம்.

கடையநல்லூர் மைமூன் அம்மாவின் வேக்குவம் கிளீனர் பழுது பார்க்க நேற்றே என்னிடம் வந்துவிட்டது. அவர் வீட்டுக்காரர் நாற்பது வருஷத்துக்கு முன் ஜித்தாவிலிருந்து கொண்டுவந்தது. அவர் தவறி ஒரு வருஷம். மகன் சாகுல் லீவில் வந்து வீட்டை ஒழிக்கிறான். ஓடாவிட்டால் எடைக்குப் போட்டுவிடுவானாம்.

"அந்தச் சத்தத்த ஒருக்க கேட்டாப் போதும் புள்ள," என்றார் அம்மா.

என்னிடம் ஏற்கெனவே எட்டுப் பழைய மெஷின். என் வீட்டில் இவர் சொல்வது: "எட்டு வேக்குவம் கிளீனர் இருக்கிற வீட்டுல ஒட்டடைக்குப் பஞ்சமே இல்ல." மனுஷனுக்கு வாய் மட்டும் வற்றாது.

வாங்க: உப்புத்தாள், மெஷின் ஆயில், தேங்காய் எண்ணெய் (ஞாயிறு பாளையங்கோட்டைச் சித்தி வீட்டார் குற்றாலம் குளிக்க வருகிறார்கள்).

ஜூலை 5, சனி

மோட்டாரைக் கழற்றி, பெட்டிக்குள் பல்பு போட்டு உலர்த்தல். இந்தச் சாரலில் உப்பே தண்ணீராகிறது, மோட்டார் காயில் எந்த மட்டுக்கு? தூசிப் பையைத் துவைத்தாயிற்று. மேல்மூடி பளபள.

முதலில் பல்பு வழியாகத்தான் கரண்ட் கொடுப்பது. ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். மங்கலாகத்தான் எரிந்தது. மோட்டார் மெல்ல முனகியது. நல்ல அறிகுறி. ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஐந்தருவியில் தள்ளுமுள்ளாம். சித்தி வீட்டார் நனைந்த துணியோடு கூடத்தில்.

பின்கட்டில் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்தேன். அலறியது. நீல நெருப்பு. புகை.

"ஏட்டி, என்னமோ கருகுது, அடுப்புல என்ன வச்சிருக்க?" - சித்தி.

"பால்," என்றேன்.

அடியில் அழுக்குப் பிடித்த தகட்டை அப்புறம்தான் துடைத்தேன். 110 வோல்ட். அந்த ஊர் கரண்ட், நம்மூரில் பாதி. பிளக்கை யாரோ நம்மூர் பிளக்காக மாற்றி வைத்திருந்ததால் சந்தேகமே வரவில்லை. கரண்டைக் குறைக்கும் பெட்டி ஒன்றை வைத்துத்தான் அவர் ஓட்டியிருப்பார்; அது என்னிடம் வரவில்லை. முதலில் தகட்டைப் படி, இதுதான் இந்த வேலைக்கு அரிச்சுவடி. நான் மேல்மூடிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. ரீவைண்டிங் கடையில், "காயிலு, ஆர்மேச்சர் எல்லாம் போச்சுக்கா. தூரப் போடுங்க."

மைமூன் அம்மா போன். எடுக்கவில்லை. மறுபடியும். எடுத்தேன்.

"ஓடுதா புள்ள?"

"பாத்துக்கிட்டே இருக்கேம்மா."



குற்றாலத்து டாக்டர் வீட்டிலிருந்து வந்த பச்சை மெஷின். எட்டிலும் அதுதான் எனக்கு உயிர். அதன் மோட்டார் ஏறக்குறைய இதே அளவு.

"உள்ளதச் சொல்லிர வேண்டியதுதான?" என்றார் இவர்.

"நீங்க போயி அந்தம்மா மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

வற்றாத வாய் வற்றியது. கல்யாணமானதிலிருந்து இது முதல் தடவை.

ஜூலை 9, புதன்

பச்சையைப் பிரித்துவிட்டேன். அழுகை வந்தது. ரப்பர் வைத்து இறுக்கி ஜித்தா கூட்டுக்குள் பொருத்தியாயிற்று. ஓடுகிறது.

சத்தம்? பழைய சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கெப்படித் தெரியும். நான் கேட்டது அலறலைத்தான்.

ரேஷன் கடைக்குப் போக மறந்துபோனேன்.

ஜூலை 11, வெள்ளி

சாரல் விட்டு வெயில். மெஷினை மடியில் வைத்துக்கொண்டு கடையநல்லூர் பஸ். கண்டக்டர்: "என்னக்கா, குண்டா?" சிரிக்கக்கூட முடியவில்லை.

போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாசலிலேயே அம்மா கையைப் பிடித்து, "வா புள்ள," என்றதும் எல்லாம் போச்சு.

சுவிட்சைப் போட்டேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரம்தான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எரிஞ்சுபோச்சும்மா. என் தப்புதான். இது வேற மோட்டார்." அந்த இரைச்சலில் அவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மாடியிலிருந்து சாகுல் இறங்கி வந்தான். "என்ன உம்மா, ஓடுதே! வாப்பா போடுவாவல்லா, அதே சத்தமா?"

"அதே சத்தந்தாம்லே," என்றார். பிடியை விடவில்லை. "இனி எடைக்கு கிடைக்குன்னு வாயத் தொறந்த, பாத்துக்கோ."