நிலைவெயிலில் ஒரு பேச்சு

அன்புள்ளவளே,

பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்த நம் நீள நோட்டை இன்று காலை எடுத்தேன். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்து: "நிலைவெயில் என்ற கிரகத்தில் சூரியன் நகராது. ஆகவே அங்கே பகல், இரவு, நேற்று, நாளை எதுவும் கிடையாது." அதன் கீழே நீ பென்சிலில் கிறுக்கியிருக்கிறாய்: "அப்போ லீவு எப்படிப் போடுவாங்க?"

எண்பதுகளின் தொடக்கம் அது. அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரே நாளில் சேர்ந்த ஆபரேட்டர்கள் நாம். மதியத்தில் லைன் ஓய்ந்தால் விஞ்ஞானக் கதை எழுத உட்கார்ந்துவிடுவோம். அந்தக் கிரகத்துக்குக் காலத்தை அளக்க ஏதாவது வேண்டுமே! வெளியூருக்குப் போடும் டிரங்க் காலில் மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே புகுந்து "டைம் ஆயிடுச்சுங்க" என்பதுதான் நம் பிழைப்பு. அந்த மூன்று நிமிடத்தையே அளவாக்கி "ஒரு பேச்சு" என்று பெயர் வைத்தோம்.

சண்டை வந்தது கதையின் முடிவில். விண்கலம் ஏறப்போகும் மகளோடு பேச, தாய்க்கு ஒரு பேச்சு நேரம் தருகிறார்கள். மூன்று நிமிடத்தில் கதவு மூடிவிடும் என்றேன் நான்.

"அவங்க பேசி முடிக்கிற வரைக்கும்தான்டி ஒரு பேச்சு."

"அளவுன்னா மாறக் கூடாது. அப்புறம் கலம் எப்படி நேரத்துக்குக் கெளம்பும்?"

"பெரம்பலூர் பஸ்ஸே நேரத்துக்குக் கெளம்புறதில்ல. உன் கலம் மட்டும் கெளம்பிடுமாக்கும்!"

நான் பி.எஸ்சி. பௌதிகம். விட்டுக்கொடுப்பேனா?

அந்த வாரமே ஆலத்தியூர்ப் பக்கமிருந்து ஒருவர் மெட்ராசுக்குப் பேச வந்தார். சுண்ணாம்புக்கல் வெட்டுபவர், சட்டையெல்லாம் வெள்ளைப் புழுதி. தன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகளோடு பல வருடம் கழித்துப் பேசப்போகிறார். நீ இணைத்துக் கொடுத்தாய். "நான்தான்" என்றார். அதற்கு மேல் இரண்டு பக்கமும் சத்தமில்லை. மூன்று நிமிடம் ஓடிவிட்டது. மெட்ராசுக்கு அப்போது ஒரே லைன். அதே லைனுக்காக நான் இணைக்க வேண்டிய பார்ட்டி ஒருவர் காத்திருந்தார். கட் பண்ணச் சொல்லிச் சைகை காட்டினேன்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லடி" என்று லைனை அப்படியே விட்டுவைத்தாய்.

காத்திருந்தவர் புகார் கொடுத்தார். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு எவ்வளவு நேரம் என்று கேட்டார். "பதினோரு நிமிஷம் சார்" என்றேன். உனக்கு மெமோ வந்தது. வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. நீ எழுதிக் கொடுத்த விளக்கம் ஒரே வரி: "பேச்சு தொடங்காததால் நேரத்தைக் குறிக்க இயலவில்லை."

நான் சொன்னது உண்மைதான். ஆனாலும் வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. நீயோ மறுநாள் ஒன்றும் நடக்காதது போல நோட்டை என் பக்கம் தள்ளி, "மொதல்ல அந்தம்மா மககிட்ட என்ன சொல்றாங்கன்னு எழுது. கதவ அப்புறம் மூடிக்கலாம்" என்றாய். எழுதினேன். கதை நாலு பக்கம் நீண்டது. கதையிலேயே உயிருள்ள இடம் அந்த நாலு பக்கம்தான். அதை எழுத வைத்தவள் நீ என்பதால், இதைச் சொல்ல எனக்கு அடக்கம் ஒன்றும் தேவையில்லை.

அதற்குப் பிறகு என் கதைகளில் எத்தனையோ கிரகங்களைப் படைத்துவிட்டேன். எந்தக் கிரகமானாலும் முதலில் காலத்தைத்தான் வகுப்பேன்: இயந்திரத்துக்கு ஓர் அளவு, மனிதருக்கு வேறு அளவு. இது எத்தனை நிமிடம், அது எத்தனை நிமிடம் என்று வாசகர்கள் கேட்டு எழுதுகிறார்கள். நான் சொல்வதில்லை.

போன ஆடியில் திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து உன் மகள் எனக்குப் போன் போட்டு உன் காதில் வைத்தாள். உனக்கு வாய் திறக்க முடியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. அந்தப் பதினோரு நிமிடத்துக்கு அன்றுதான் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு நானும் ஒன்றும் பேசவில்லை.

"ரொம்ப நேரம் பேசினீங்களா பெரியம்மா?" என்று பிறகு உன் மகள் கேட்டாள்.

"தெரியலம்மா. நான் கடிகாரத்தப் பாக்கல" என்றேன்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் நேரம் பார்க்காமல் கேட்ட அழைப்பு அது ஒன்றுதான். அந்த மூச்சுச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.