கையில் குத்திய குடை

புத்தூர்.

அன்பு மகள் கஜானிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. சன்னதி முருகன் காவலில் அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே மூட்டு நோவில்லாமல், காய்ச்சல் ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குக் குளிசை போட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். மற்றத் தகப்பன்மார் ஒரு வரியில் சுகம் கேட்டு முடித்துவிடுவார்கள், எனக்கு மட்டும் அந்த இடத்தில் இவ்வளவு கேட்க வேண்டியிருக்கிறது. தினமும் போனில் கதைக்கிற ஆளுக்குக் கடிதம் ஏன் என்று யோசிப்பாய். போனில் நான் வாய் திறக்க முதல் அம்மா பறித்துவிடுவா, அதோடு இது உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராத விஷயம். அதுதான் நீ இருக்கிற பெர்கன் நகரத்துக்குத் திரும்புகிற எங்கள் ஊர் வசந்தினியிடம் மிளகாய்த்தூளோடு சேர்த்துக் கொடுத்து விடுகிறேன். சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். உன் வருத்தத்தை, அதுதான் அந்த நோயை, ஆருக்கும் சொல்லக்கூடாது என்று பள்ளிக்கூடக் காலத்தில் நீ என்னிடம் வாங்கின சத்தியத்தைப் போன கிழமை உடைத்துவிட்டேன். ஒருவர் காதில் இரகசியமாகச் சொன்னதும் இல்லை, ஒரு பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

எல்லாம் நீ குத்தின அந்தப் பச்சையால் வந்தது. வீடியோவில் உன் முழங்கைக்குக் கீழே கறுப்பாய் ஏதோ தெரிந்தபோது எண்ணெய் கொட்டிச் சுட்டுப்போட்டுது என்றுதான் பதறினேன். குடைப் படம், பச்சை குத்தினது என்று நீ சொல்ல, உவளை இனி ஆர் கட்டுவினம் என்று அம்மா அழத் தொடங்கிவிட்டா. எனக்கும் கோபம்தான். டொக்டரிடம் கேட்டு, வருத்தம் அடங்கியிருக்கிற நேரமாய்ப் பார்த்துத்தான் குத்தினாயாம், மெத்த நல்லது, பெற்ற தகப்பனிடம் கேட்க மட்டும் உனக்குத் தோன்றவில்லை. பிறகு நீ ஆறுதலாகச் சொன்னாய்: “இந்த லூப்பஸ் வருத்தம் என்னை விட்டுப் போகாதப்பா. அதோடை வாழப் பழகீட்டன். அதைத்தான் கையிலை குத்தினனான்.” நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். வெங்காயத்துக்குத் தண்ணி கட்டப் போனதாக அம்மா உனக்குச் சொல்லியிருப்பா. தண்ணி கட்டவில்லை பிள்ளை, சும்மா வரப்பில் நின்று அழுதேன்.

அச்சுவேலிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கையில் சைக்கிள் ஹாண்டிலும் மற்றக் கையில் கறுப்புக் குடையுமாக நீ போன காலத்தை நான் மறப்பேனா. இந்த வருத்தத்துக்கு வெயில் படக்கூடாது என்று டொக்டர் சொன்னது எங்கள் மூவருக்கும்தான் தெரியும். ஊருக்கு வேறு கதை. பெட்டை கறுத்துப்போவாள் என்று பொத்தி வளர்க்கிறார்கள், வெளிநாட்டு மாப்பிள்ளைக்குத்தான் இந்த ஆயத்தம் என்று சனம் கதைத்தது. பெடியள் குடைராணி என்று பட்டம் வைத்தார்கள். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் நான் சொல்லப் புறப்பட, நீதான் பிள்ளையார் கோயில் வாசலில் கையைப் பிடித்து மறித்தாய். நிறத்துக்குப் பயந்தவள் என்றே சொல்லட்டும், வருத்தக்காரி என்று பேர் வேண்டாம் என்றாய். அந்த வயதில் உனக்கு அவ்வளவு ரோசம். அன்றைக்கு மூடின வாயை நான் பிறகு திறக்கவே இல்லை.

போன கிழமை உதயகலா மாமியின் புது வீடு குடிபுகுதல். எனக்கு இருக்கிற ஒரே தங்கச்சி, அவவின் வாய் உனக்குத் தெரியும்தானே. பந்தியில் பாயாசம் விடுகிற நேரம், நீ பேஸ்புக்கில் போட்ட படத்தை எல்லாருக்கும் காட்டி, எங்கடை மருமகள் நோர்வேயிலும் நிறம் காக்கிறாள், கையிலேயே குடை பிடித்துவிட்டாள் என்று சொன்னா. எல்லாரும் சிரித்தார்கள். பகிடிக்குத்தான் சொன்னா, ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. எழும்பி நின்று சொன்னேன்: “அது நிறத்துக்குப் பிடிச்ச குடையில்லை. என்ரை பிள்ளைக்கு லூப்பஸ் எண்ட வருத்தம். வெயில் பட்டால் படுக்கையிலை விழுந்திடுவாள்.” சொல்லிவிட்டுக் கை கழுவ வெளியே போய்விட்டேன். மாமி பின்னால் வந்து, கூடப்பிறந்த எனக்கும் மறைச்சிட்டீங்களே அண்ணை என்று அழுதா. அடுத்த நாள் விடியவே சன்னதிக்குப் போய் உன் பேரில் அர்ச்சனை செய்து திருநீறு கொண்டுவந்து தந்தா, அதையும் இதோடு வைத்திருக்கிறேன். அம்மா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இனி உனக்குச் சம்பந்தம் பேசி ஒருவரும் வரமாட்டார்கள் என்ற பயம் அவவுக்கு. பெற்ற வயிறு, அதை நான் பிழை சொல்லமாட்டேன்.

நேற்றுச் சந்தையில் வெங்காயம் நிறுக்கிற எமில்ராஜ், கேள்விப்பட்டனான் ஐயா, மகளுக்கு இப்ப எப்பிடி என்று கேட்டான். வழமையாக நல்லாய் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டுவேன். நேற்று என்னவோ சாக்கின் மேல் குந்திவிட்டேன். உன் தலைமயிர் கொட்டினது, ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் அம்மாவும் நானும் மாறி மாறி இருந்தது, இப்பவும் நேரம் தப்பிப் போன் அடித்தால் எடுக்க முதல் முருகனைக் கூப்பிடுவது எல்லாம் சொன்னேன். அவன் தராசை விட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டான். இவ்வளவு காலமும் உன் வருத்தத்தை நானும் அம்மாவும் கதவைச் சாத்திவிட்டு எங்களுக்குள்தான் கதைத்தோம். எனக்குள் இவ்வளவு பயம் கிடந்தது என்று நேற்றுத்தான் எனக்கே தெரிந்தது.

கோபமென்றால் கோபித்துக்கொள், இரண்டு நாள் போனை எடுக்காமலும் இரு, மூன்றாம் நாள் எடுத்துவிடு. அங்கே கோடையில் இரவிலும் வெளிச்சமாம், முழுக்கைச் சட்டையை மறக்காதே. பச்சை குத்தின இடம் சிவந்தாலோ வீங்கினாலோ உடனே டொக்டரிடம் காட்டு. முருகன் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு இருக்கும். இனிமேல் ஆராவது கேட்டால் நான் சொல்லலாமோ கூடாதோ என்று ஒரு சொல் எழுது. கூடாது என்றால் திரும்பவும் வாயைக் கட்டிக்கொள்வேன், அப்பாவுக்கு அது பழக்கம்தான். ஆனாலும் பிள்ளை, ஓம் என்று சொல்லு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
க. இராசநாயகம்