அட்டை லாரியில் அப்பா நம்பர்

அன்புள்ள மகன் அருள்முருகனுக்கு அம்மா சொல்வது, எழுதுவது தங்கை கவிநிலா.

இங்கே எல்லாரும் நல்லா இருக்கிறோம் என்று முதலில் போடு என்றாள் அம்மா, போட்டுவிட்டேன். போர்ட் பிளேரில் மழை விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறாள். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருந்து கேட்கிறார், அதனால்தான் கடிதம்.

அண்ணா, நான் முதலில் பார்த்தது நடுவில் குறுக்குக்கோடு போட்ட ஒரு ஏழு. தாத்தா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கற்றுவந்து அப்பாவுக்குப் பழக்கிய ஏழு. ஏரிக்கரையில் இந்த ஞாயிறு சாயங்காலம் வீதி நாடகம் நடக்கிறது. டிக்கெட் இல்லை, யாரும் தரையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஏரி கெட்டுப்போன கதை. நான் வேலை செய்கிற தையல் கடையில்தான் அவர்களுக்கு நீலத் துணி தைத்தோம். கொண்டுபோய்க் கொடுத்த அன்று, நாடகத்தை நடத்துகிற நிர்மலா அக்கா, துணிக்கு அடியில் படுத்து அலை மாதிரி அசைத்துக் காட்டச் சொன்னார். அன்றிலிருந்து நான்தான் ஏரி. ஏரிக்கு வசனம் இல்லை என்றதால் ஒத்துக்கொண்டேன். வியாழக்கிழமை அட்டையில் செய்த செப்டிக் டேங்க் லாரி வந்தது, ஏரியில் கழிவைக் கொட்டுகிற காட்சிக்கு. பெயிண்ட் அடித்தவர்கள் ரோட்டில் நின்ற ஒரு லாரியைப் போட்டோ எடுத்து, பின்னால் இருந்த போன் நம்பரையும் அப்படியே வரைந்துவிட்டார்கள். அது அப்பா ஓட்டுகிற லாரி. அந்தக் குறுக்குக்கோட்டு ஏழோடு அப்பா கையால் எழுதிய நம்பர். எனக்கு வாய் வரவில்லை, வீட்டுக்கு வந்து அம்மாவிடம்தான் சொன்னேன்.

அம்மா அப்பாவைக் கேட்டாள். அவர் முதலில் சிரித்தார். அப்புறம், "நாடகம் போடறவங்க வூட்டு டாங்க்கு நெறஞ்சா யாரு வந்து எடுக்கறது? நான்தான போறேன்" என்று சோற்றில் கை கழுவி எழுந்துவிட்டார். அவர் ஏரியில் விடுவது நிஜம்தான் அண்ணா. சுத்திகரிப்பு நிலையம் தூரம், டீசல் ஆகும், அங்கேயே விட்டுட்டு வா என்று முதலாளி போனில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். லாரியில் தன் நம்பர் வேண்டாம், டிரைவர் நம்பரே போதும் என்றவரும் முதலாளிதான். இப்போது போன் அடித்தாலே அப்பா வாசலுக்குப் போகிறார், உள்ளே வருகிறார், மறுபடியும் போகிறார். அம்மாவுக்குப் பிரஷர் ஏறி நேற்று கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஊரே அந்த நம்பரப் பாக்கும், ஆளாளுக்கு போன் போட்டு உங்கப்பாவத் திட்டுவானுங்க, கேஸ் குடுப்பானுங்க. நீ போவாத, வேற எவளாவது ஏரியாட்டம் படுக்கட்டும்" என்கிறாள். நான் போகாவிட்டாலும் லாரி வருமே என்றேன். "இப்ப மட்டும் வாய் வருது பாரு" என்றாள். இந்த லாரி வேலையை விட்டுவிடச் சொல்லி நீ அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமாம், உன் பேச்சைத்தான் கேட்பாராம். உன் ஓட்டலில் டிரைவர் வேலை காலி இருக்கிறதா என்றும் விசாரிக்கச் சொல்கிறாள்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. ரேஷன் கார்டுக்கு உன் ஆதார் நகல் வேண்டும், மறக்காமல் அனுப்பு. மாரியம்மன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள், நன்றாக இரு.

இப்படிக்கு உன் அம்மா,
பார்வதி

அண்ணா, இதற்குக் கீழே இருப்பது அம்மா சொல்லாதது. இன்று ஞாயிறு. கடிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டுக் காலையிலேயே ஏரிக்கரைக்குப் போனேன். நிர்மலா அக்காவிடம், "இது எங்க அப்பா நம்பர்" என்றேன். அவர் மஞ்சள் பெயிண்டும் பிரஷும் எடுத்துக் கொடுத்து, "அழிச்சுடும்மா" என்று சொல்லிவிட்டு மைக்செட்காரரைப் பார்க்கப் போனார். அழித்தேன். காயும்வரை பக்கத்திலேயே நின்றேன். முதலாளி நம்பர் எனக்கு மனப்பாடம். கறுப்பு பெயிண்டை எடுத்து, அதே இடத்தில் அதைப் பெரிதாக எழுதினேன்.