இத்தாலி வண்டிக்கு நான் சொன்ன ‘நல்லாருக்கு’

மாப்ளே,

இன்று உன் வண்டிக் கதவைத் திறந்தேன். சீட்டுத் தோலின் வாசனையும் நீ பூசும் அத்தரும் சேர்ந்து முகத்தில் மோதின. நீ போய் எட்டு மாதமாகிறது. வாசனை மட்டும் போகாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

எரியோட்டிலிருந்து ஒரு மில்காரர் வண்டி பார்க்க வந்திருந்தார். “அண்ணே பார்த்து நல்லாருக்குன்னா எடுத்துக்கிறேன்” என்றார். பழைய கார் என்றால் திண்டுக்கல்லில் என்னைக் கேட்டுத்தான் வாங்குவார்கள் என்று பீற்றிக்கொண்டவன் நான். இன்று அதுவே கழுத்தைப் பிடித்தது. இந்த வண்டி விற்றால்தான் உன் மகளைக் காலேஜில் சேர்க்க முடியும் என்று உன் மனைவி, தங்கச்சி, முந்தைய நாளே சொல்லியிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் இந்த இத்தாலி வண்டியை வாங்க நாம் இருவரும் கோயம்புத்தூர் போனோம். தோல் வியாபாரி நீ. எஞ்சினைப் பார்க்காமல் சீட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாய். “தோலு சுத்தம்டா. உன் பக்கம் எப்புடி?” என்றாய். நான் அடியில் படுத்திருந்தேன். முன்பக்கச் சட்டத்தில் வெல்டிங் தழும்பு. பெரிய அடி வாங்கியதை ஒட்டிச் சேர்த்திருந்தார்கள். சொல்லலாம் என்று எழுந்து வந்தால், நீ ஸ்டார்ட் செய்து அதன் உறுமலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். உன் கல்யாணத்தன்று கூட நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “நல்லாருக்கு மாப்ளே” என்று சொல்லித் தொலைத்தேன்.

உன்னைக் கொண்டுபோனது நெஞ்சுவலி. வண்டி ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொல்லித்தான் இத்தனை நாள் தூங்கினேன்.

இன்று மறுபடி அடியில் படுத்தேன். அதே தழும்பு. நல்லாருக்கு என்றால் மில்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு இதில் ஏறுவார். இல்லை என்றால் உன் மகள் படிப்பு நிற்கும், என் பொய்யும் வெளியே வரும். அங்கிருந்து பார்த்தால் அவருடைய செருப்பும் தங்கச்சியின் பாதமும்தான் தெரிந்தன. வெளியே வரவே பயமாக இருந்தது.

கடைசியில் எழுந்து தங்கச்சியைத் தனியே கூப்பிட்டேன். “வாங்கும்போதே அடிபட்ட வண்டிம்மா. தெரிஞ்சுதான் அவன்கிட்ட நல்லாருக்குன்னேன்.”

அவள் முக்காட்டைச் சரிசெய்தாள். “தெரியும்ணே. வண்டி இடப்பக்கம் இழுக்குதுன்னு முத வாரமே சொன்னாரு. ‘என் ஆசையப் பாத்துட்டுப் பேசாம இருந்துட்டான், கேட்டா குன்னிப் போவான்’னாரு. நீங்க ஏறுனா மட்டும் ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு ஓட்டுவாரு, உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு.” மில்காரர் நின்ற பக்கம் திரும்பினாள். “அவருகிட்ட உள்ளதச் சொல்லிருங்க. பிள்ளைக்கு வேற வழி பாப்போம்.”

சொன்னேன். மில்காரர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

பழனி ரோட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன், புதுசாகப் பழகுகிறவன் மாதிரி ஏன் இப்படிப் பிடிக்கிறாய் என்று. “பெரிய வண்டிடா” என்று சிரிப்பாய். வண்டி பார்க்கிறவனுக்கு அது கூடத் தெரியவில்லை.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே உன் காலைப் பிடித்து அழுதுவிட்டு வண்டியிலிருந்து இறங்கிப் போயிருப்பேன். இனி எங்கே இறங்குவது, மாப்ளே?